ஒன்பதாம் ஷீட்

3 ஜூன் 2024

இன்று சாவி கைக்கு வந்தது. மறைந்த கட்டடக்கலைஞர் சிதம்பரநாதன் சாரின் அடையாறு வீட்டு மாடியில் இருநூற்றுப் பன்னிரண்டு சுருள் வரைபடங்கள், நாற்பது கோப்புகள், ஒன்பது மர மாதிரிகள். எலிப்புழுக்கைக்குக் கணக்கில்லை. இவ்வளவையும் எட்டு வாரத்துக்குள் அருங்காட்சியகத்தின் மூன்று அறைகளில், மனிதர்கள் நின்று பார்க்கும்படி வைக்க வேண்டும். நாற்பத்தைந்து வருடம் கட்டடம் கட்டிய ஒருவரின் மொத்தப் பிழைப்பும் இந்த மாடியில் கிடக்கிறது.

இந்த வேலைக்கு என் பெயரைச் சொன்னது சாரின் மகள் உமையாள் அக்கா. "குணா செஞ்சாதான் அப்பாவுக்குப் பிடிக்கும்" என்று சார் பெயரிலான அறக்கட்டளையின் கூட்டத்தில் சொன்னாராம். கேட்டதும் மனதுக்குள் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். சாரிடம் ஒன்பது வருடம் வேலை பார்த்தவன் நான். அவர் கோடு போடும்போது மூச்சை அடக்கிக்கொள்வார் என்பது எனக்குத்தான் தெரியும்.

இந்த நோட்டு மனைவி வாங்கித் தந்தது. கண்காட்சி வேலை நடக்கும் நாட்களில் எரிச்சலை அவளிடம் காட்டாமல் இதில் காட்ட வேண்டுமாம். சரி, காட்டுகிறேன்.

5 ஜூன்

அருங்காட்சியகம் காகிதங்களைப் பராமரிக்க ரெஹானா என்ற பெண்ணை அனுப்பியிருக்கிறது. முப்பது வயது இருக்கும். நல்ல பெண், ஆனால் பிடிவாதக்காரி. சார் பழைய ப்ரிண்டுகளை எறிய மாட்டார். புதிய படங்களைச் சுருட்டி அவற்றை மேலுறையாகச் சுற்றிவைப்பார். அந்த அழுக்கு மேலுறைக்கும் எண் போட்டு, ஸ்கேன் எடுத்து, தனிப் பெட்டியில் வைப்பேன் என்கிறாள். "குப்பைக்கு எதுக்கும்மா நம்பர்?" என்றேன். "குப்பைன்னு முடிவு பண்றது என் வேலை இல்ல சார்" என்றாள். அரை நாள் போச்சு.

11 ஜூன்

மூன்று அறைகளை எப்படிப் பிரிப்பது என்று ஒரு வாரமாக மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். பள்ளிகள், வீடுகள், பொதுக் கட்டடங்கள் என்று பிரித்தால் பாடப்புத்தகம் மாதிரி ஆகிவிடும். இன்று டீ குடிக்கும்போது வழி கிடைத்தது.

ஒவ்வொரு படத்தின் வலது கீழ் மூலையிலும் ஒரு கட்டம் இருக்கும். கட்டடத்தின் பெயர், படத்தின் எண், தேதி, கையெழுத்து, அலுவலக முகவரி. முகவரியை யாரும் கையால் எழுத மாட்டோம். மூலப் படம் வரையும் ட்ரேசிங் தாள்களையே ஐந்நூறு ஐந்நூறாக முகவரியோடு அச்சடித்து வாங்கி அடுக்கிவிடுவார் சார். 1987 முடியும்வரை திருவல்லிக்கேணி, சைக்கிள் கடை மாடி. 1988 பொங்கலுக்குப் பால் காய்ச்சிய ராயப்பேட்டை அலுவலகம். 2001 முதல் அடையாறு. மூன்று முகவரி, மூன்று அறை. முதல் அறையின் கூரையைத் துணி கட்டித் தாழ்த்திவிடுவேன். சைக்கிள் கடை மாடியில் சாரே குனிந்துதான் நடந்தாராம்.

ரெஹானாவிடம் சொன்னேன். "தேதி பாக்க வேணாம், முகவரி பாத்து மூணா பிரிச்சிடறேன் சார்" என்று உற்சாகமாகக் கிளம்பினாள். அக்காவுக்குப் போன் போட்டேன். அவரும் மெச்சினார்.

14 ஜூன்

அப்பா பேசினார். எழுபத்தொன்பது வயது, திண்டுக்கல்லில் தங்கை பூங்கோதை வீட்டில் இருக்கிறார். முட்டி வலி, பேரனின் பரீட்சை, தண்ணீர் வரவில்லை, எல்லாம் முடிந்த பிறகு கேட்டார்.

"பூவாணிப்பட்டி நூலகமும் வைக்கிறியா?"

"வைக்கிறோம்ப்பா. சின்னதா ஒரு சுவர்."

"எந்தப் படத்த?"

"ஒரிஜினல் ட்ரேசிங்தான்."

"எனக்கு வந்தது வேறடா" என்றார். நான் தண்ணீர் லாரிக்கு யாரிடம் சொல்ல வேண்டும் என்று பேச்சை மாற்றினேன்.

இந்த நோட்டில் எழுதித்தான் வைக்கிறேனே. பூவாணிப்பட்டி நூலகத்தின் வாசலில் தூண் இல்லாமல் வெளியே நீளும் ஒரு காங்கிரீட் பந்தல். சாரின் வடிவம், கட்டியது என் அப்பா மாசிலாமணி, மேற்பார்வையாளர். சாதாரணக் கூரையில் கம்பி கீழ்ப்பக்கம் வரும். இப்படி அந்தரத்தில் நீள்வதற்கு மேல்பக்கம் வர வேண்டும். 1987 மார்ச்சில் முட்டுக் கழிகளை எடுத்த நிமிடமே பந்தல் விழுந்தது. இரண்டு பேர் அடியில் சிக்கிச் செத்தார்கள். உடைந்த காங்கிரீட்டில் கம்பி கீழ்ப்பக்கம் இருந்தது. விசாரணைக் குழு 1988 ஏப்ரலில் சாரின் படத்தை வாங்கிப் பார்த்தது. அதில் கம்பி மேலே இருந்தது. அப்பா ஆறு மாதம் உள்ளே இருந்தார். வெளியே வந்தவருக்கு யாரும் வேலை தரவில்லை. மரவாடியில் விறகு எடை போட்டார்.

தனக்கு வந்த ப்ரிண்டில் கம்பி கீழே இருந்தது என்று அவர் சொல்லாத ஆளில்லை. விழுந்த அன்றே சாரின் அலுவலக ஆட்கள் ஜீப்பில் வந்து சைட்டில் இருந்த படங்களை அள்ளிப்போய்விட்டார்களாம். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால் போதும், பத்திரிகையின் பின்பக்கத்தில் கம்பியை வரைந்து காட்ட ஆரம்பித்துவிடுவார். நான் கை கழுவப் போய்விடுவேன். தப்பு செய்த மனிதர் ஒத்துக்கொண்டால்தான் என்ன என்று எனக்கு வெகுகாலமாக எரிச்சல்.

1995இல் கட்டடக்கலை முடித்துவிட்டுச் சாரின் அலுவலக வாசலில் நின்றேன். இன்னாரின் மகன் என்று மறைக்காமல் சொன்னேன். சார் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "உள்ள வா" என்றார். யார் செய்வார்கள் அப்படி?

19 ஜூன்

தச்சர்கள் வந்துவிட்டார்கள். மூத்தவர் என் அளவு நாடாவைப் பார்த்துவிட்டு, "இது ஒரு நூல் கூட காட்டுது" என்றார். பார்த்தால் உண்மை. இத்தனை நாள் எதையெல்லாம் தப்பாக அளந்தேனோ.

அக்கா மாலையில் சீடையோடு வந்தார். மாதிரிகளைப் பார்த்தார். பூவாணிப்பட்டிச் சுவர் முன்னால் நின்று, "மறைச்சு வெச்சா ஆளாளுக்குப் பேசுவாங்க. சரியான படத்தக் காட்டிட்டா முடிஞ்சுது" என்றார். பிறகு ஒரு யோசனை சொன்னார். நான் எப்படிச் சாரிடம் வந்தேன், யாருடைய மகன், அவர் என்னை எப்படி ஏற்றுக்கொண்டார் என்று அதே சுவரில் நான் ஒரு குறிப்பு எழுத வேண்டும். என் கையெழுத்தோடு.

"நான் எதுக்குக்கா அங்க?"

"நீதான் குணா இருக்கணும். உன்ன விட்டா யாரு?"

கண் கலங்கிவிட்டது எனக்கு. இரவு சாப்பாட்டுக்கு முன்பே எழுதி முடித்துவிட்டேன்.

1 ஜூலை

ரெஹானாவைக் கோபித்துக்கொண்டேன். பூவாணிப்பட்டி ஷீட்டுகள் பதினான்கு. பதின்மூன்றை முதல் அறையில் வைத்துவிட்டு ஒன்பதாம் ஷீட்டை மட்டும் இரண்டாம் அறை மேசையில் கிடத்தியிருந்தாள். ஒன்பதுதான் பந்தலின் கம்பிப் படம்.

"தேதியப் பாரும்மா. 12.11.1986ன்னு போட்டிருக்குல்ல? இது எப்படி ரெண்டாவது அறைக்குப் போகும்?"

"நான் முகவரி பாத்துதான் வெச்சேன் சார். நீங்கதான் தேதி பாக்க வேணாம்னீங்க."

பார்த்தேன். தேதி 1986 நவம்பர். முகவரி ராயப்பேட்டை.

ட்ரேசிங் தாள் கிழிவது சகஜம். கிழிந்தால் புதிய தாளில் மறுபடி படியெடுத்து, பழைய தேதியையே போட்டுவைப்பது உண்டு. நானே செய்திருக்கிறேன். அப்படி எடுத்தால் ஓரத்தில் 'மறுபடி' என்று சிறிதாக எழுத வேண்டும், சார் அதில் கறார். இதில் எழுதவில்லை. மறந்திருப்பார்.

2 ஜூலை

வேலை ஓடவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

4 ஜூலை

மேலுறைப் பெட்டிகளைத் திறந்து தேடினேன். எதைத் தேடுகிறேன் என்று ரெஹானா கேட்கவில்லை. நூற்று முப்பத்தேழாவது மேலுறை. ஏதோ ஒரு மருத்துவமனைப் படங்களைச் சுற்றியிருந்தது, ட்ரேசிங்கிலிருந்து நகலெடுத்த பழைய அம்மோனியா ப்ரிண்ட், நீலம் போய்ப் பழுப்பேறியது. விரித்தோம்.

பூவாணிப்பட்டி. ஒன்பதாம் ஷீட். 12.11.1986. திருவல்லிக்கேணி முகவரி. சாரின் கையெழுத்து.

கம்பி கீழே.

ரெஹானாவுக்குக் கம்பியைப் பற்றித் தெரியாது. நான் சொன்னேன். என் சுவர்க் குறிப்பைப் படித்திருந்தவள், "உங்க அப்பா சொல்லியிருப்பாரே சார்?" என்றாள்.

"இல்லம்மா, அவர் இதப்பத்திலாம் பேசமாட்டார்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

6 ஜூலை

சார் தப்பாகப் போட்டுவிட்டார். அது யாருக்கும் வரும். பந்தல் விழுந்து ஒரு வருடம் கழித்துக் குழு படம் கேட்டபோது, ராயப்பேட்டையில் உட்கார்ந்து, மூச்சை அடக்கிக்கொண்டு, கம்பியை மேலே மாற்றி நிதானமாக வரைந்திருக்கிறார். தேதியை மாற்றாமல் போட்டவர் கண்ணில் முகவரி படவில்லை. தாளில் அச்சாகி வந்ததை யார் படிக்கிறார்கள்? குழுவும் படிக்கவில்லை. ஒன்பது வருடம் பக்கத்தில் இருந்த நானும் படிக்கவில்லை.

அதே கையால்தான் எனக்குக் கோடு போடச் சொல்லித் தந்தார். என் திருமணத்துக்கு வந்து அப்பாவுக்குக் கைகொடுத்தார். அப்பா கையை உடனே இழுத்துக்கொண்டார். அன்றைக்கு நான் அப்பாவிடம் மூன்று நாள் பேசவில்லை.

என்னை ஏமாற்றிவிட்டார். வேறு எப்படியும் எழுத வரவில்லை. ஏமாற்றிவிட்டார்.

8 ஜூலை

அக்கா வீட்டுக்குப் போனேன்.

"அக்கா, ஒன்பதாம் ஷீட் எண்பத்தாறுல போட்டது இல்ல."

காபியை ஆற்றிக்கொண்டிருந்தவர் நிறுத்தவில்லை. "எப்படிக் கண்டுபிடிச்சே?" என்றார்.

என்ன சொல்கிறாய் என்று கேட்கவில்லை. எப்படி என்று கேட்டார். முகவரி விவரத்தைச் சொன்னேன்.

"முகவரியா" என்றார். "அவ்வளவு கவனமான மனுஷன்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"கடைசியா ஆஸ்பத்திரியில இருந்தப்ப சொன்னார். ரெண்டு நாள் அழுதார் குணா. உன் பேரச் சொல்லித்தான். அவன நான் பாத்துக்கிட்டேன்ல, பாத்துக்கிட்டேன்லன்னு."

"தெரிஞ்சும் என்ன எதுக்குக்கா இந்த வேலைக்குக் கூப்பிட்டீங்க?"

"நீ செஞ்சா யாரும் கேக்க மாட்டாங்க." பால் விலையைச் சொல்வது போலச் சொன்னார். "மாசிலாமணி மகனே முன்ன நின்னு கொண்டாடறான். அதுக்கு மேல யாரு என்ன பேசிடுவா?"

எனக்குத் திறமை இருக்கிறது என்று கூப்பிட்டார்கள் என நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் குறிப்பை எழுதச் சொன்னபோது கண் கலங்கிய முட்டாளும் நான்தான். வாசலில் நின்றவனைப் பார்த்து "உள்ள வா" என்றாரே சார், அதுவும் இந்தக் கணக்கில்தானா என்று இனி யாரிடம் கேட்பது?

இரண்டு ஷீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டுவேன், இல்லாவிட்டால் விலகிக்கொள்கிறேன் என்றேன். ஆற்றிய காபியை என் முன்னால் நகர்த்தினார்.

"சரி. மாட்டிக்கோ. ஆனா உன் குறிப்பு இருக்கட்டும்."

ஒத்துக்கொண்டேன். என்ன இருந்தாலும் அக்கா பெரிய மனசுக்காரர்தான்.

15 ஜூலை

விளக்க அட்டையை நான்கு முறை எழுதினேன். முதலில் எழுதியதில் கோபம் வழிந்தது. இப்போது இப்படி நிற்கிறது:

'ஒன்பதாம் படம், பூவாணிப்பட்டி நூலகம். இடப்புறம் 1986இல் கட்டுமான இடத்துக்கு அனுப்பப்பட்டது. கம்பிகள் கீழே. வலப்புறம் 1988இல் விசாரணைக் குழுவுக்குத் தரப்பட்டது. கம்பிகள் மேலே. இரண்டிலும் ஒரே தேதி. மேற்பார்வையாளர் அ. மாசிலாமணி தமக்கு வந்த படத்தின்படியே வேலை செய்தார்.'

கடைசி வரியைத் தட்டச்சு செய்ய ஐந்து நிமிடம் ஆனது.

18 ஜூலை

அப்பாவைத் திறப்பு விழாவுக்குக் கூட்டிவரும்படி பூங்கோதையிடம் சொன்னேன். ஒரு விஷயம் காட்ட வேண்டும் என்றேன். அப்பா போனை வாங்கி, "எனக்கு முட்டி வலி. நீ நல்லபடியா செய்" என்றார். போனில் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. சுவரில் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

24 ஜூலை

மாட்டியாகிவிட்டது. இரண்டு ஷீட்டும் ஒரே உயரத்தில், ஒரே சட்டத்தில். மூத்த தச்சர் தள்ளி நின்று பார்த்து, "ரெண்டுல ஒண்ணு பொய்யால்ல இருக்கு" என்றார். அட்டையை அவர் படிக்கவே இல்லை.

27 ஜூலை, திறப்பு விழா

காலை எட்டரைக்குப் போனேன். பூவாணிப்பட்டிச் சுவரில் ஒரு பெரிய புகைப்படம் இருந்தது. சார் சாரத்தின் மேல் நின்று சிரிக்கிறார். இரண்டு ஷீட்டும் இல்லை, அட்டையும் இல்லை. பக்கத்தில் என் குறிப்பு, நான் கொடுத்ததைப் போல மூன்று மடங்கு எழுத்தில். 'சார் என்னை உள்ளே வா என்றார். மா. குணசீலன், பூவாணிப்பட்டி மேற்பார்வையாளர் மாசிலாமணியின் மகன்.'

அக்கா பட்டுப்புடவையில் வாசலில் நின்றார்.

"அக்கா, அந்தச் சுவர்..."

"அறக்கட்டளை முடிவு குணா. நான் ஒருத்தி என்ன பண்ண முடியும்? இப்ப வேண்டாமே, ஆளுங்க வர ஆரம்பிச்சிட்டாங்க."

கூட்டம் நல்ல கூட்டம். முதல் அறையில் கூரையைத் தாழ்த்தியதை எல்லோரும் பாராட்டினார்கள். குத்துவிளக்கில் ஐந்து திரி. நான்காவதை நான் ஏற்றினேன். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு மெழுகுவத்தியைக் கையில் கொடுத்துவிட்டார்கள், அத்தனை பேர் நடுவில் வேறென்ன செய்வது? அந்தச் சுவர் முன்னால் நின்று படமும் எடுத்துக்கொண்டார்கள்.

கிளம்பும்போது ரெஹானா ஒரு காகிதக் குழாயை நீட்டினாள்.

"ஒரிஜினல் ரெண்டையும் நேத்தே அறக்கட்டளை ஆளுங்க எடுத்துட்டுப் போயிட்டாங்க சார். ஸ்கேன் எங்கிட்ட இருந்துச்சு, அதே அளவுல ப்ரிண்ட் போட்டுட்டேன்." கொஞ்சம் தயங்கி, "நீங்க ஏன் சார் ஒண்ணுமே சொல்லல?" என்றாள்.

ஆட்டோ காத்துக்கொண்டிருந்தது. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

29 ஜூலை, திண்டுக்கல்

காலையில் வந்து சேர்ந்தேன். அப்பா குளித்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இரண்டு ப்ரிண்டையும் கட்டில் மேல் விரித்தேன். பேச ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்ததெல்லாம் மறந்துபோனது. "பாருங்கப்பா" என்றேன்.

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். திருவல்லிக்கேணி ஷீட்டின் மேல் விரலை வைத்து ஒவ்வொரு கம்பியாக எண்ணினார். "இதுதான்" என்றார். அடுத்ததை ஒரு பார்வைதான் பார்த்தார். பூங்கோதை கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"மன்னிச்சிருங்கப்பா."

ப்ரிண்டை விரலால் தட்டினார். "இத அங்க மாட்டியிருக்கா?"

"எடுத்துட்டாங்கப்பா."

"எம் பேரு இருக்கா?"

குறிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. விளக்கைப் பற்றிச் சொல்லவில்லை.

"எடுக்கச் சொல்லு."

"சொல்றேன்ப்பா."

"சொல்றேன்ங்காத. இப்பச் சொல்லு."

என் குறிப்பையும் என் பெயரையும் அப்பாவின் பெயரையும் உடனே நீக்க வேண்டும், காரணம் அவர்களுக்கே தெரியும் என்று செல்போனில் மின்னஞ்சல் அடித்து, இரண்டு ப்ரிண்டின் படத்தையும் சேர்த்து, அறக்கட்டளை உறுப்பினர்கள் எல்லோருக்கும் அனுப்பினேன். அனுப்பும் முன் அவருக்குப் படித்துக் காட்டினேன். தலையை ஆட்டினார். பூங்கோதை காபி கொண்டுவந்தாள். பாதி குடித்துவிட்டு அவராகவே ஆரம்பித்தார்.

"ஒண்ணு சொல்லணும். இத யாருகிட்டயும் சொன்னதில்ல. கம்பி கட்டும்போதே எனக்கு இடிச்சுது. தூணு இல்லாம வெளிய நிக்கிறதுக்கு மேலல்ல வரணும்னு. போஸ்டாபீஸ் போய் ட்ரங்கால் போட்டு சார்கிட்ட கேட்டேன். 'மாசிலாமணி, படிச்சது நீயா நானா'ன்னாரு. வெச்சிட்டேன். மறுநா காங்கிரீட்டு போட்டுட்டேன்."

"விசாரணையில இதச் சொல்லலையாப்பா?"

"எப்படிச் சொல்ல? தெரிஞ்சே போட்டேன்னு ஆயிருமே. பேச்சிமுத்துவையும் ராக்கம்மாவையும் முட்டு எடுக்கப் போகச் சொன்னதே நான்தான். ரெண்டு பேரும் எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் உள்ள போனாங்க." கையைக் கட்டிலில் ஊன்றிக்கொண்டார். "படத்துமேல பழி போட்டுப் போட்டு, இத மறந்துரலாம்னு பாத்தேன். முடியல."

இவ்வளவையும் கேட்டுவிட்டு நான் ஒரு கேள்வி கேட்டேன். எட்டு வாரமாகக் காகிதங்களுக்கு நடுவில் இருந்த பழக்கம்தான் கேட்கவைத்தது, சத்தியமாக மனதில் வேறொன்றும் இல்லை.

"அந்தப் போன் பேசினதுக்கு ஏதாவது ரசீது, ஆதாரம் இருக்காப்பா?"

பூங்கோதை "அண்ணே" என்றாள்.

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை.

"இல்லடா" என்றார். "நான் சொல்றது மட்டும்தான் இருக்கு."

இரண்டு ப்ரிண்டையும் ஒன்றாக வைத்து, சைட்டில் மடிப்பது போல ஓரம் பார்த்து மடித்து, என் மடியில் வைத்தார்.

"இத நீயே வெச்சுக்க. உனக்குத்தான் இது வேணும்."